முதலாளியின் ஓவன், மருந்தக்காவின் டிவி

மருந்தக்காவின் வேனில் எதுவும் எழுதியிருக்காது. பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை, பூச்சிப் படம் இல்லை. சாம்பல் நிற வேன், பின்கதவில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். வாடிக்கையாளர்களே அப்படித்தான் கேட்பார்கள். எந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் தன் வாசலில் 'பூச்சி ஒழிப்பு' என்று எழுதிய வண்டி நிற்பதை விரும்புவார்? அவள் பின்வாசல் வழியாகத்தான் போவாள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து என்ன வேலை என்று கேட்டால், "ஏசி சர்வீஸ்" என்பாள். ஏசியே இல்லாத கடையிலும் அதே பதில்தான்.

மருந்து அடிக்க வரும் அக்கா, அதனால் மருந்தக்கா. சமையற்கட்டுகளில் யாரோ வைத்த பெயர் அவளோடு வேனில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ் ஓட்டும் புருஷன்கூட இடைவேளையில் போன் பண்ணினால், "என்ன மருந்தக்கா, சாப்டாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார். ஹோட்டல், பேக்கரி, லாட்ஜ், பல் ஆஸ்பத்திரி என்று ஊரில் அவள் முழங்கால் போட்டுத் தவழாத இடம் குறைவு. எந்த ஹோட்டல் சிங்க்குக்கு அடியில் என்ன குடித்தனம் நடத்துகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெளியே எங்கே சாப்பிடலாம் என்று உறவுக்காரர்கள் கேட்டால், "எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கு" என்று பேச்சை மாற்றுவாள். தெருவில் வாடிக்கையாளர் யாராவது குடும்பத்தோடு எதிரே வந்தால், முகம் தெரியாதவள் போல் தாண்டிப் போவாள். அவர்கள் முதலில் சிரித்தால்தான் இவள் சிரிப்பாள்.

வேலையில் அவளுக்கு ஒரு முறை உண்டு. மருந்து வைப்பதற்கு முன்னால், ஓவனுக்கு அடியிலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் பசை அட்டை வைப்பாள். மறுநாள் எடுத்து, அதில் ஒட்டியிருப்பதைப் படம் பிடிப்பாள். மருந்து வேலை செய்த பிறகு மறுபடி அட்டை, மறுபடி படம். இரண்டையும் பக்கத்தில் வைத்து முதலாளியிடம் காட்டுவாள். காட்டாவிட்டால் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது. பூச்சி போய்விட்டால், "அதான் பூச்சியே இல்லையே, உங்களுக்கு எதுக்குப் பணம்?" என்பார்கள். இருந்தால், "பூச்சி இருக்கே, உங்களுக்கு எதுக்குப் பணம்?" என்பார்கள். அந்த இரண்டு படங்கள்தான் அவர்கள் வாயை அடைக்கும்.

காட்டி முடித்த படங்களை அவள் வைத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது போன் தானாகவே கேட்கும்: 'இடத்தைக் காலி செய்யவா?' அவள் 'ஆம்' என்று அழுத்துவாள். போன் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். புது வாடிக்கையாளர் தயங்கினால் இதைத்தான் சொல்வாள்: "பயப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அழிச்சுடுவேன்." அதை மனசாரத்தான் சொன்னாள். அங்கேதான் கோட்டைவிட்டிருந்தாள்.

புருஷனின் பிறந்தநாளுக்கு மறுநாள் காலை, பேக்கரி முதலாளி போன் பண்ணினார். மூன்று கடை வைத்திருப்பவர். மூன்றுக்கும் இவள்தான் மருந்து. அவளுடைய மாத வேலையில் பாதி அவரிடம்தான். வருஷ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வாரம் அது. அதற்காகத்தான் பண்ணுகிறார் என்று நினைத்து எடுத்தாள்.

"என்ன மருந்தக்கா, நேத்து கேக் நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு முதலாளி. நீங்களே அனுப்பி வச்சீங்களே…"

"கேக்கை அனுப்பினேன். பதிலுக்கு நீங்க என்ன அனுப்பினீங்க தெரியுமா? எங்க டெலிவரி ஆள் உங்க வீட்டு ஹால்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கார். டிவியில என் ஓவன் வந்துச்சாம். கைப்பிடிக்குக் கம்பி சுத்தி வச்சிருக்கோமே, அதே ஓவன். அடுத்த படம் அதுக்கு அடியில இருந்த அட்டை. கொத்துக் கொத்தா."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க டிவியிலயா?"

"எங்க டிவியில இல்ல, உங்க டிவியிலதான்! அந்த மனுஷன் இன்னைக்குக் காலையில டீகூடக் கடையில குடிக்கல. வீட்லயே குடிச்சுட்டு வந்தாராம். அழிச்சுடுவேன்னு சொன்னீங்களே அம்மா? வாய்க்கு வாய் சொன்னீங்களே?"

"அழிச்சுட்டேன் முதலாளி, சத்தியமா…"

"மத்தியானம் நேர்ல வர்றேன். எங்கேயும், எதுலயும் ஒரு படம் இருக்கக் கூடாது. இருந்தா ஒப்பந்தத்தைப் பத்திப் பேச வேண்டாம். நாலு பேர்கிட்ட சொல்லவும் செய்வேன்." வைத்துவிட்டார்.

ஒப்பந்தம் போனால் வயிற்றில் அடி. நாலு பேரிடம் சொன்னால் அதோடு கதை முடிந்தது. வாயைத் திறக்காதவள் என்பதற்காகத்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். மருந்து அடிக்க ஊரில் வேறு ஆளா இல்லை?

ஹாலில் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தக்கா போய் ரிமோட்டை வாங்கிச் சீரியலை நிறுத்தினாள்.

"ஏய், அவ இப்பத்தான் உண்மையச் சொல்ல வாயைத் தொறந்தா!"

"கொஞ்சம் இருங்க அத்தை. இந்த டிவி சும்மா இருந்தா என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

"சும்மா இருக்க நான் எங்க விட்டேன்?"

அதுதான் விஷயம். அந்த வீட்டில் டிவி சும்மா இருந்ததே இல்லை. நேற்று மட்டும், கேக்கை எதில் வைப்பது என்ற விவாதத்தில் குடும்பமே சமையலறைக்குள் போய்விட்டது. மருமகளும் மாமியாரும் இப்போது சோபாவில் உட்கார்ந்து அணைந்த அடுப்பைப் பார்ப்பது போல டிவியைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கறுப்பு. பிறகு மெல்ல ஒரு படம் வந்தது. புருஷன் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்து, ஒரு லாட்ஜ் மெத்தையின் தையல் ஓரத்தில் மூட்டைப்பூச்சி, அசுரத்தனமாகப் பெரிதாக. அடுத்து ஒரு சாக்கடை மூடி. அடுத்து, கம்பி சுற்றிய கைப்பிடியோடு பேக்கரி ஓவன். ஒவ்வொரு படமும் அழகாக மங்கி, அழகாகத் தெளிந்தது. அடியில் 'இனிய நினைவுகள்' என்று வேறு எழுதியிருந்தது.

"இந்தச் சாக்கடை யார் வீட்டு விசேஷத்துல எடுத்தது?" என்றார் மாமியார்.

மருந்தக்கா தன் கொழுந்தனுக்குப் போன் பண்ணினாள். மொபைல் கடையில் வேலை பார்க்கும் அவனுக்கு வீட்டில் 'சிக்னல்' என்று பெயர். தேவைப்படும்போது கிடைக்க மாட்டான். அன்றைக்கு நாலாவது தடவையில் கிடைத்தான்.

"அண்ணி, கடையில கூட்டம்…"

"என் படமெல்லாம் எப்படி டிவிக்குப் போச்சு?"

"டிவி வாங்கினப்ப நான்தான் செட் பண்ணிக் குடுத்தேன். குடும்பப் படம் ஓடட்டுமேன்னு. உங்க போன், அண்ணன் போன், அம்மாவோட டேப், டிவி எல்லாத்துக்கும் ஒரே கணக்குதானே? ஒரே பாஸ்வேர்ட், ஞாபகம் வச்சுக்க லேசு."

"நான்தான் வாராவாரம் அழிச்சேனே!"

"என்னத்தை அழுத்துனீங்க?"

"இடத்தைக் காலி செய்யவான்னு கேக்கும். ஆமான்னேன்."

அந்தப் பக்கம் சிக்னல் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "அண்ணி, அது போன்ல இருக்கிற இடத்தைத்தான் காலி பண்ணும். படம் எல்லாம் க்ளவுட்ல பத்திரமா இருக்கும். பத்திரமா மேல அனுப்பிட்டுத்தான் கீழ அழிக்கும்."

"அப்ப இத்தனை வருஷமா நான் அழிக்கல?"

"சேத்து வச்சிருக்கீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைப் பெருக்கி, குப்பையை வாரி, கூடத்தில் கண்ணாடிப் பெட்டி போட்டு அடுக்கிவைத்த மாதிரி அல்லவா இருக்கிறது இது? அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டியதுதானே? "இப்ப எப்படி ஒழிக்கிறது, அதைச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, மருந்தக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். கணக்கைத் திறந்தால் கிணறு மாதிரி இறங்கிக்கொண்டே போனது. விரலை வைத்து இழுத்தால் வரிசையாகத் தேர்வாகும் என்றான் சிக்னல். பாதி இழுத்ததும் விரல் நழுவும். நழுவினால் தேர்ந்தெடுத்தது எல்லாம் விட்டுப்போகும். மறுபடி மேலிருந்து. நாலாம் முறை இழுத்துக்கொண்டிருந்தபோது, 'இந்தச் செயலி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்று நட்சத்திரம் கேட்டு ஒரு பெட்டி வந்தது.

"பிடிச்சா கழுத்தைப் பிடிப்பேன்" என்றாள் சத்தமாக.

"யாருகிட்ட பேசுறே?" என்றார் மாமியார் ஹாலிலிருந்து.

"இந்தச் சனியன்கிட்ட!"

முதலில் பேக்கரியின் படங்கள், பிறகு மற்றவை என்று முறை வைத்துக்கொண்டாள். மருந்து அடிக்கும்போதும் அப்படித்தான், கதவுப் பக்கம் கடைசியில்தான் வருவாள். பேக்கரி முடிந்தது. போய் டிவியைப் பார்த்தாள். ஓவன், கம்பி, கைப்பிடி. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி போன்.

"டிவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணி. அது பழசையே மென்னுக்கிட்டு இருக்கும்."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். ஓவன் வரவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அதற்குள் சிக்னல், "குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிடுங்க. இல்லேன்னா இன்னும் ரெண்டு மாசத்துக்கு அங்கேயே கிடக்கும்" என்றான்.

"அழிச்சதை எதுக்குய்யா வச்சிருக்கான்?"

"தெரியாம அழிச்சிட்டா?"

"தெரிஞ்சு அழிக்கிறவ என்ன பாவம் பண்ணினா?"

குப்பைத் தொட்டியைத் திறக்கும் நேரம் பார்த்து, கையில் டேப்போடு மாமியார் மேஜையருகே வந்தார். முகம் சரியில்லை.

"என் மாத்திரை எங்கே?"

"டப்பாவுல இருக்கு அத்தை."

"அது இல்லடி. மாத்திரைப் படம்."

மாமியாருக்கு மூன்று வேளை மாத்திரை. போட்டோமா இல்லையா என்பது மறந்துவிடும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மாத்திரை போட்டதும் அட்டையைப் படம் எடுத்துவிடுவார். சந்தேகம் வந்தால் டேப்பைத் திறந்து, கடைசிப் படத்தில் எத்தனை குழி காலியாக இருக்கிறது என்று பார்ப்பார். சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை, சொந்தப் புத்தி. அந்தப் படங்களும் அதே கணக்கில்தான் இருந்தன. விரல் இழுத்த இழுப்பில் அட்டைகளோடு அட்டையாகப் போய்விட்டன.

"காலையில போட்டேனா இல்லையான்னு இப்ப யாருகிட்ட கேப்பேன்? உன் கரப்பான்கிட்டயா?"

"நான் பாத்தேன் அத்தை, போட்டீங்க."

"நேத்துப் பாத்ததைச் சொல்றே. உனக்கு இருக்கிற கோபத்துல இன்னைக்கு எதைப் பாத்தே?"

நியாயமாகத்தான் இருந்தது. குப்பைத் தொட்டியைத் திறந்தாள். பசை அட்டைகளுக்கு நடுவே மாத்திரை அட்டைகள். குட்டிக் கட்டங்களில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையும் புள்ளியுமாகத் தெரிந்தன. ஒன்றைத் தொட்டுப் பெரிதாக்கினால் கரப்பான். அடுத்ததைத் தொட்டால் ரத்த அழுத்த மாத்திரை. அடுத்தது மறுபடி கரப்பான். கண் பூத்துப் போனபோது அன்றைய காலைப் படம் கிடைத்தது. புதிதாக ஒரு குழி காலி.

"போட்டிருக்கீங்க."

"அதைத் திரும்பக் கொண்டா."

"கொண்டாந்துட்டேன்."

"பழசையும் கொண்டா. டாக்டர் கேப்பார்."

"போன வருஷ மாத்திரையை எந்த டாக்டர் அத்தை கேப்பார்?"

"நீ மட்டும் செத்த பூச்சியைச் சேத்து வைக்கலாம், நான் உயிரோட இருக்கிறதுக்குச் சாட்சி வைக்கக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும். மாமியாரின் படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேலே ஏற்றிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்தாள். 'நிரந்தரமாக நீக்கப்படும். மீட்க முடியாது. உறுதியா?' உறுதியா என்று கேட்கிறான் பார். நெற்றியில் எழுதி ஒட்டட்டுமா? அழுத்தினாள்.

சாப்பாட்டு வேளைக்குப் புருஷன் வந்தார். செருப்பைக் கழற்றி, போனை மேஜையில் வைத்து, கை கழுவப் போனார். அவர் கை துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள், மருந்தக்காவின் கையிலிருந்த போனில் ஏதோ அசைந்தது. காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு கட்டம் முளைத்தது. ஓவன். இன்னொரு கட்டம். அட்டை. ஒன்றன்பின் ஒன்றாக, சாக்கடைக்குள்ளிருந்து ஏறி வருவது போல வந்துகொண்டே இருந்தன.

"சிக்னல்!" என்று போனில் கத்தினாள். "திரும்பி வருது!"

"யாராவது வந்தாங்களா?"

"உங்க அண்ணன் வந்தார்."

"அதான். அண்ணன் வச்சிருக்கிறது உங்க பழைய போன்தானே? அதுல கடைசியா எடுத்த படமெல்லாம் அப்படியே இருக்கும். வீட்டு வைஃபை கிடைச்சதும் மேல ஏத்துது. அதோட ஏத்துற பட்டனை ஆஃப் பண்ணிட்டு, அந்தப் போன்லயும் தனியா அழிங்க."

புருஷன் ஒன்றும் புரியாமல் நின்றார். "நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. வீட்டுக்கு வந்தீங்க, அதான் தப்பு. போனைக் கொண்டாங்க!"

"சாப்டுட்டுக் குடுக்கட்டா?"

"முதலாளி வர்றார். வந்து பாத்தா, நாளையிலிருந்து உங்க சம்பளத்துல மட்டும்தான் சாப்பாடு."

அவர் போனை நீட்டினார். ஒரு வீட்டில் பூச்சியை ஒழிப்பதற்குக் கணக்கு வழக்கு உண்டு. எங்கே கூடு, எங்கே தண்ணீர், எந்த ஓட்டை வழியாக நடமாட்டம் என்று பார்த்து அடைத்தால் முடிந்தது. இந்தப் படங்களுக்கு ஓட்டை எது, கூடு எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றில் நிற்கிறது. தன் தொழிலையே யாரோ தன்மேல் திருப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பது போல இருந்தது.

பழைய போனில் பேக்கரிப் படங்களை அழித்தாள், கணக்கில் மறுபடி அழித்தாள், தொட்டியை மறுபடி கவிழ்த்தாள், டிவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். டேப்பையும் வாங்கிப் பார்த்தாள். நாலிலும் ஓவன் இல்லை. மற்றக் கடைகளின் படங்களுக்கு வருவதற்குள் அழைப்பு மணி அடித்தது. முதலாளி அவள் நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டார்.

நல்ல சட்டை, வெண்ணெய் வாசனை, கக்கத்தில் தோல் பை. ஒப்பந்தத் தாள் அதில்தான் இருக்கும். சோபாவில் உட்கார்ந்தவர் முதலில் டிவியைப் பார்த்தார். மாமியாரின் சீரியல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் போச்சா?"

"உங்க கடைப் படம் ஒண்ணுகூட இல்ல முதலாளி. தப்பு எங்க நடந்துச்சுன்னா…" என்று ஆரம்பித்து, காலி செய்வது வேறு அழிப்பது வேறு என்பதைத் தனக்குப் புரிந்த அளவு சொன்னாள்.

அவர் பாதியில் கையைக் காட்டினார். "எனக்கு அதெல்லாம் வேண்டாம். போன தடவையும் அழிச்சேன்னு நீங்கதான் சொன்னீங்க. போனைக் குடுங்க, நானே பாத்துக்கிறேன்."

வேறு என்ன செய்வது? கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். கேக் முன்னால் புருஷன். மாத்திரை அட்டை. மாத்திரை அட்டை.

"இது என்ன?"

"அத்தையோட மாத்திரை."

"எத்தனை வியாதி?"

"ஒரே வியாதிதான்" என்றார் மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மருமக."

விரல் இன்னும் கீழே போனது. நின்றது. முதலாளி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். இரண்டு விரலால் படத்தை விரித்தார். நீல டைல்ஸ் பதித்த ஒரு சமையலறை, அதன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு அட்டை. அவர் முகத்தில் காலையிலிருந்து இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்கும் முகமாக அது மாறியிருந்தது.

"இது நம்ம எதிர்க் கடைக்காரன் கிச்சன்தானே? இந்த நீலம் அவன்தான் போட்டிருக்கான். அம்மாடி! இவ்வளவா? 'எங்க கடையில தரையில உக்காந்து சாப்பிடலாம்'னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான்! அடுத்ததும் அவனோடதா?"

அவர் விரல் அடுத்த படத்துக்குத் தாவுவதற்குள், மருந்தக்கா போனைப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகுதான் பிடுங்கினோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"என்னம்மா இது?"

"மன்னிச்சுக்குங்க முதலாளி. உங்க படம் இல்லைன்னு பாத்துட்டீங்க. மீதி உங்களோடது இல்ல."

"இன்னும் கீழ போய்ப் பாக்கலையே. கீழ என்னோடது இருந்தா?"

"இல்ல."

"பாக்காம எப்படி நம்புறது? இல்ல, அந்த எதிர்க் கடை மட்டுமாவது சொல்லுங்க. அவன்தானே?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? படம் எடுத்ததே நீங்கதான்!"

"தெரியாது முதலாளி."

"என் படத்தை என் டெலிவரி ஆள் பாக்கலாம், அவன் படத்தை நான் பாக்கக் கூடாது. நல்லா இருக்கே!"

"நாளைக்கு அவர் இதே சோபாவுல வந்து உக்காந்து உங்க படத்தைக் கேப்பார். அப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க, அதையே இப்பப் பண்றேன்."

தோல் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த கை, அதைத் திறக்காமலே விட்டது. "யோசிக்கணும்" என்று முதலாளி எழுந்தார். அவருக்கு வைத்த டீ அப்படியே இருந்தது.

கதவு சாத்தியதும் புருஷன் மெதுவாகக் கேட்டார். "அதான் ஒண்ணைப் பாத்துட்டாரே. இன்னும் நாலைக் காட்டியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? கையெழுத்தாவது போட்டிருப்பார்."

"நீங்களும் ஆரம்பிக்காதீங்க!" என்று கத்தினாள். அவருக்கு மட்டுமான கத்தல் இல்லை அது. சிக்னலுக்கும், டிவிக்கும், 'உறுதியா?' என்று கேட்டவனுக்கும், ஞாயிற்றுக்கிழமைதோறும் நிம்மதியாக டீ குடித்த தனக்கும் சேர்த்து. அவர் ஆறின சாப்பாட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் சிக்னல் நேரில் வந்தான். வந்ததும் திட்டு வாங்கினான். பிறகு அவளுக்கென்று தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தான். படம் எதுவும் தானாக மேலே போகாதபடி அடைத்தும் கொடுத்தான். "பாஸ்வேர்ட் என்ன வைக்கட்டும் அண்ணி?" என்று கேட்டதற்கு, "உன்கிட்ட சொன்னா அது என்ன பாஸ்வேர்ட்?" என்று போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். பழைய கணக்கில் மிச்சம் இருந்த கடைப் படங்களை அழிக்க அவளுக்கு அந்த வாரம் முழுக்கப் பிடித்தது. சில மறுபடி வந்தன. ஏனென்று சிக்னலுக்கே தெரியவில்லை. "சர்வர்ல ஏதோ…" என்று இழுத்தான். மறுபடி அழித்தாள். முதலாளி கூப்பிடவில்லை. அவருடைய மூன்று கடைக்காகவும் ஒதுக்கிவைத்திருந்த நாட்களில், வேனைக் கழுவினாள்; கழுவி முடித்த வேனை மறுபடி கழுவினாள். எந்தப் போன் வந்தாலும் அந்த 'நாலு பேரில்' ஒருவரோ என்று தயங்கித்தான் எடுத்தாள்.

பிறகு ஒரு நாள் முதலாளியே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"வேற கம்பெனி ஆள் ஒருத்தரை வரச் சொல்லியிருந்தேன்."

"சரி முதலாளி."

"நல்லா டை எல்லாம் கட்டிக்கிட்டு வந்தான். எங்க வேலை எப்படி இருக்கும் பாருங்க சார்னு, போனை எடுத்து வரிசையாப் படம் காட்டினான். முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடி. ஒரு படத்துல போர்டோட தெரியுது. எங்க மச்சான் கடை."

அவள் வேன் துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவன் போனதும் யோசிச்சேன். நாளைக்கு மச்சான்கிட்ட போய் என் கடையைக் காட்டுவானே. ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும். மத்தியானமா வாங்க. தாளும் கொண்டு வர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். இனிமே படமே எடுக்கக் கூடாது. ஒண்ணுகூட."

"எடுக்க மாட்டேன். எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு முதலாளி."

"உங்களுக்கு என்ன கண்டிஷன்?"

"படம் இல்லேன்னா, மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு அப்புறம் பேச்சு வரும். அதனால அட்டையை எடுக்கும்போது நீங்களே கூட நின்னு பாக்கணும். மருந்துக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை. மூணு கடையிலயும்."

"நானா? மேனேஜர் பாத்தா போதாதா?"

"மேனேஜர் பாத்தா மேனேஜருக்குத் தெரிஞ்சுடுமே."

"சரி, வாங்க" என்றார் கடைசியில்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று கடைக்குச் சொந்தக்காரர், ஓவன் ஆறிக் கிடந்த தன் சமையற்கட்டில் முழங்கால் போட்டு உட்கார நேர்ந்தது. கால்சட்டையில் மாவு படாமல் இருக்கப் பழைய பேப்பரை விரித்திருந்தார். ஒரு கையில் மூக்கை மூடிய கைக்குட்டை, மறு கையில் டார்ச். மருந்தக்கா தரையோடு தரையாகப் படுத்து, கையை ஓவனுக்கு அடியில் விட்டு, முந்தின நாள் வைத்த அட்டையைத் துழாவினாள்.

"வெளிச்சத்தைக் கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்க முதலாளி. கை ஆடுது."

"ஆடாம என்ன செய்யும்? படமாவே பாத்திருக்கலாம்."

அவள் அட்டையை வெளியே இழுத்து, டார்ச் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். சில இன்னும் உயிரோடு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. முதலாளி முகத்தைத் திருப்பினார்.

"இங்க பாருங்க முதலாளி" என்றாள். "நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் கேக்கக் கூடாது."